பாடநூலின் ஒரு வரி

கடாரம் என்னும் சொல்லைக் கேட்டதும், தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவர் தயக்கமின்றி விடை கூறுவர்: சோழ வேந்தன் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டில் அதன்மீது படையெடுத்தான். விடை சரியானதே. மதிப்பெண்ணும் குறைவின்றிக் கிடைக்கும். ஆயினும், அந்த ஆண்டு எவ்வாறு தெரியவந்தது, கடாரம் என்பது கெடாவே என்று முதன்முதலில் உணர்ந்தவர் யார், அப்படையெடுப்புக்கு முன்னும் பின்னும் இரு நாடுகளுக்கிடையே என்ன உறவு இருந்தது என்னும் வினாக்கள் அம்மாணவர் உள்ளத்தில் எழுவதேயில்லை. தேர்வு மண்டபத்தை விட்டு அவர் வெளியேறும்போது கடாரமும் அவரை விட்டு வெளியேறிவிடுகிறது.

மலேசியாவில் எஸ்.பி.எம். தேர்வு எழுதுவோர் வரலாற்றுப் பாடத்தில் தேர்ச்சி பெற்றே ஆகவேண்டும் என்னும் விதி 2013ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. தொடக்கப்பள்ளிகளில் நான்காம் ஆண்டிலிருந்து வரலாறு தனிப்பாடமாக 2014இல் அறிமுகம் கண்டது. பாடத்தின் தகுதி உயர்ந்தது; பயிற்சி நூல்களின் எண்ணிக்கையும் உயர்ந்தது. வரலாற்றை விரும்பிப் படிப்போரின் எண்ணிக்கை அதே அளவில் உயர்ந்தது என்று சொல்ல எந்த ஆசிரியரும் துணியார். கட்டாயத்தால் தேர்ச்சியை வரவழைக்கலாம். சுவையை வரவழைக்க இயலாது.

சுவை என்னும் சொல் ஈண்டு வேண்டுமென்றே எடுத்தாளப்படுகிறது. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். அவற்றுள் பெருமிதம் ஒன்று, வியப்பைக் குறிக்கும் மருட்கை ஒன்று, அழுகையும் ஒன்று. கண்ணீர் வரவழைப்பதும் சுவையே என்பது தமிழ் இலக்கண மரபு ஏற்றுக்கொண்ட உண்மை. இவ்வளவுகோலை வரலாற்றுக் கல்விக்குப் பொருத்திப் பார்த்தால் குறை எங்குள்ளது என்பது விளங்கும். பாடநூலில் மெய்ப்பாடு எதுவும் இல்லை. மேடைப் பேச்சிலும் வரலாற்றுப் புதினத்திலும் உள்ளது பெரும்பாலும் பெருமிதம் ஒன்றே. மருட்கைக்கும் அழுகைக்கும் உரிய வரலாறு இவ்விரண்டுக்கும் அப்பால் படிப்பாரின்றிக் கிடக்கிறது. கடாரம் பற்றிய அந்த ஒரு வரியையே எடுத்துக்கொண்டு இதனைக் காண்பது பொருந்தும்.

முதலில் அந்த ஆண்டு. எந்தச் சோழர் கல்வெட்டிலும் 1025 என்னும் எண் பொறிக்கப்படவில்லை, பொறிக்கப்படவும் இயலாது. சோழர் கல்வெட்டுகள் மன்னனின் மெய்க்கீர்த்தியைக் கூறி, அவனது ஆட்சியாண்டைக் குறிக்கும். இராசேந்திரன் 1012இல் இளவரசுப் பட்டம் பெற்றுத் தந்தையுடன் ஆளத் தொடங்கினான் என்பது பிற சான்றுகளால் பெறப்படுவது. அவன் மெய்க்கீர்த்தி ஆண்டுதோறும் வளர்ந்துகொண்டே வந்தது; வென்ற நாடுகள் ஒவ்வொன்றாக அதில் சேர்ந்தன. 14ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டுகளில்தான் கடல்கடந்த படையெடுப்பைக் கூறும் பகுதி முதன்முதலில் காணப்படுகிறது. முந்திய ஆண்டுகளில் அது இல்லை. ஆகவே அப்படையெடுப்பு அந்த ஆண்டளவில் நிகழ்ந்திருத்தல் வேண்டும். பத்து வயதுச் சிறுவனும் செய்யக்கூடிய கூட்டல் கணக்கு இது. எனினும் கணக்கை மறைத்து விடையை மட்டும் கொடுப்பதே வரலாற்றுப் பாடத்தின் வழக்கமாகிவிட்டது. கணிதப் பாடத்தில் வழிமுறை காட்டாத விடைக்கு முழு மதிப்பெண் கொடுக்க மறுக்கும் ஆசிரியரே, அடுத்த பாடவேளையில் வரலாற்றுக்கு வழிமுறை இல்லாத விடையைக் கேட்டு வாங்குகிறார்.

இரண்டாவது, அந்த இடம். மெய்க்கீர்த்தி கடாரத்தை மட்டும் கூறவில்லை. ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம் எனப் பதின்மூன்று இடங்களை அது வரிசைப்படுத்துகிறது. இன்று இவற்றுள் பலவற்றை நிலப்படத்தில் சுட்டிக்காட்ட முடியும். மாநக்கவாரம் நிக்கோபார் தீவுகள். இலாமுரிதேசம் சுமத்திராவின் வடமுனை. இலங்காசோகம் பட்டாணிப் பகுதியில் விளங்கிய லங்காசுகம். மாதமாலிங்கம் தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராட் பகுதி. இன்று எளிதாகத் தோன்றும் இந்த அடையாளங்கள் ஒரே நாளில் கிடைத்தவை அல்ல.

தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டை 1891இல் பதிப்பித்தவர் ஹுல்ட்ஷ் என்னும் செருமானிய அறிஞர். கல்வெட்டுத் துறையில் அவருக்கு நிகரானவர் அக்காலத்தில் மிகச் சிலரே. அத்தகையவரே கடாரத்தைத் தேடியபோது, பழைய மதுரை மாவட்டத்தில் கிடாரம் என்னும் ஊர் இருப்பதைக் கண்டு அதுவாக இருக்கலாம் என்றார். படை கடல் கடந்து சென்றது என்பதும், நக்கவாரம் நிக்கோபாரைக் குறிப்பது என்பதும் பின்னர்த் தெளிவாயின. உடனே ஆய்வாளர் கண்கள் பர்மாவின்மேல் திரும்பின. பெகு நகரின் அருகே கிடந்த இரண்டு கருங்கல் தூண்கள் இராசேந்திரன் நாட்டிய வெற்றித்தூண்கள் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பர்மியத் தொல்லியல் துறையினர் நம்பினர். சுமத்திராவைத் தலைமையிடமாகக் கொண்டு ஸ்ரீவிசயம் என்னும் பேரரசு ஒன்று இருந்ததென்றும், கடாரம் அதனுள் அடங்கியதென்றும் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செதேஸ் 1918இல் நிறுவிய பிறகே குழப்பம் நீங்கியது. சீனர் எழுதிவைத்த பெயர்களையும், மலாய்த் தீவுகளில் கிடைத்த கல்வெட்டுகளையும், சோழர் சாசனங்களையும் ஒருங்கே வைத்துப் பார்த்ததால் அவருக்கு இது கைகூடிற்று. ஒரு பேரரசின் பெயரே பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்து, ஒருவர் மேசைமேல் மீண்டும் உயிர் பெற்றது.

மாணவர் மருட்கை கொள்வதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? துப்பறியும் கதையை இரவெல்லாம் விழித்துப் படிக்கும் இளைஞர்க்கு, மதுரைச் சீமையிலிருந்து பெகுவுக்கும், பெகுவிலிருந்து கெடாவுக்கும் நகர்ந்த இந்தக் கடாரத்தின் கதை கசக்குமா? அறிஞர்கள் தவறினார்கள் என்பதை மாணவரிடம் கூறினால் பாடத்தின் மதிப்புக் குறைந்துவிடும் என்று அஞ்சுவோர் உளர். அவர்கள் அஞ்சுவது உண்மையில் வேறொன்றுக்கு: ‘ஐயா, இது எப்படித் தெரியும்?’ என்று ஒரு மாணவன் எழுந்து நின்று கேட்டுவிடுவானோ என்னும் அச்சம் அது.

பாடநூல் விட்ட இடத்தைப் புதினம் பிடித்துக்கொண்டது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’, அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’, சாண்டில்யனின் ‘கடல் புறா’ ஆகியவை இந்நாட்டுத் தமிழர் இல்லங்களில் பெற்ற வரவேற்பை எந்த வரலாற்று நூலும் பெற்றதில்லை. அடுக்களை வேலையை முடித்துவிட்டு மண்ணெண்ணெய் விளக்கொளியில் சோழர் காலத்துக்குள் நுழைந்த தாய்மார்கள் பலர். வரலாறு என்பது உயிருள்ள மாந்தரைப் பற்றியது என்னும் உணர்வை அவர்களுக்கு ஊட்டியவை இப்புதினங்களே. இதனை மறுப்பது நன்றி மறப்பதாகும்.

ஆயினும் மூன்றையும் ஒரே தட்டில் வைத்தல் பொருந்தாது. கல்கி தம் கதையின் ஊடே செப்பேடுகளையும் கல்வெட்டுகளையும் வெளிப்படையாகவே பேசுகிறார். ஆதித்த கரிகாலன் கொலையோடு தொடர்புடையவர்களின் உடைமைகள் பறிமுதலானதைக் கூறும் உடையார்குடிக் கல்வெட்டில் இரவிதாசன் என்னும் பெயரைக் காணும் கல்கி வாசகர்க்கு உடல் சிலிர்க்கும். கதையில் கண்ட ஒருவனின் பெயர் கல்லில் இருக்கிறதே என்னும் வியப்பு அது. அதே வாசகர் நந்தினியைக் கல்லில் தேடினால் காணமாட்டார். இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள இந்த இடைவெளியை உணரும் கணத்தில், கதை வாசகர் வரலாற்று வாசகராக மாறுகிறார். கல்கி அந்தக் கதவைத் திறந்தே வைத்தார்.

சாண்டில்யனிடம் அக்கதவு அவ்வளவு திறந்திருக்கவில்லை. ‘கடல் புறா’வின் கப்பல்களும் காற்றும் போர்த்திட்டங்களும் படிப்போரைக் கட்டிப்போடுவன என்பதில் ஐயமில்லை. கலிங்கப் போரால் புகழ்பெற்ற கருணாகரத் தொண்டைமானை இளமைப் பருவத்தில் கடலோடியாக்கிக் காட்டிய கற்பனை துணிவு மிக்கது. நாயகியரின் அழகை விவரிக்கும் பக்கங்களைப் பள்ளி நூலகத்தில் எத்தனை மாணவர் எத்தனை முறை புரட்டினர் என்பதை நூலகர்களே அறிவர்! ஆனால் கடாரமும் ஸ்ரீவிசயமும் அக்கதையில் வீரன் விளையாடும் களங்கள். அங்கு வாழ்ந்தவர்க்கென ஒரு வரலாறு இருந்ததாக வாசகர் உணர்வதில்லை. அகிலனின் நிலை வேறு. 1963ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்ற அவருடைய நூல் இராசேந்திரனின் காலத்தைக் கண்ணியத்தோடு படைத்தது. பின்னர் மலேசியா வந்து சென்ற அவரே தோட்டத் தொழிலாளரைப் பற்றிப் ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார். இரண்டையும் எழுதியவர் ஒருவர்தாம். இந்நாட்டு வாசகர் நெஞ்சில் முன்னதற்குக் கிடைத்த இடம் பின்னதற்குக் கிடைக்கவில்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. வேங்கையின் மைந்தனாகத் தன்னைக் கருதிக்கொள்வது இனியது. பால்மரக் காட்டின் பேரனாகக் கருதிக்கொள்வது அவ்வளவு இனியது அன்று.

பெருமிதம் குற்றமன்று. சான்றின் முன் நிற்க அஞ்சும் பெருமிதமே குற்றம். ‘தமிழன் மலாயாவை ஆண்டான்’ என்று மேடைகளில் முழங்கக் கேட்டு வளர்ந்த மாணவர், லெய்டன் செப்பேடுகளைப் பற்றி அறிந்தால் முதலில் திகைப்பர். நெதர்லாந்தின் லெய்டன் நகரப் பல்கலைக்கழகத்தை அடைந்தமையால் அப்பெயர் பெற்ற அச்செப்பேடுகளுள் பெரியது 21 ஏடுகளைக் கொண்டது. கடாரத்து அரசன் மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எடுத்தான் என்றும், அதற்கு இராசராச சோழன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைப் பள்ளிச்சந்தமாக அளித்தான் என்றும் அது கூறுகிறது. அது 1006ஆம் ஆண்டளவு. அக்கொடையை நிலைபெறச் செய்து சாசனமாக்கியவன் இராசேந்திரன். அவனே இருபது ஆண்டுகள் கழிவதற்குள் சங்கிராம விசயோத்துங்கவர்மன் என்னும் அந்நாட்டு மன்னனை யானைப்படையோடு சிறைப்பிடித்ததாகத் தன் மெய்க்கீர்த்தியில் பாடச் செய்தான்.

நண்பன் எவ்வாறு பகைவனானான்? பாடநூலின் ஒரு வரி இவ்வினாவை எழுப்புவதில்லை. சீனாவுக்குச் செல்லும் கடல்வழி மலாக்கா நீரிணை வழியாகச் சென்றது. அதன் வாயில்கள் ஸ்ரீவிசயத்தின் கையில் இருந்தன. 1015இல் சோழநாட்டுத் தூதுக்குழு ஒன்று சீன அரசவையை அடைந்தது; அதில் ஐம்பத்திருவர் இருந்தனர் என்று சீனக் குறிப்புகள் கூறுகின்றன. தமிழ் வணிகர்க்கும் ஸ்ரீவிசயத்துக்கும் இடையே எழுந்த வணிகப் போட்டியே படையெடுப்புக்குக் காரணம் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். வெற்றிப்புகழே நோக்கம் என்பாரும் உளர். எதுவாயினும், கடாரத்தில் சோழர் நிலையான ஆட்சி நிறுவியமைக்குத் தெளிவான சான்று இல்லை. 1068ஆம் ஆண்டளவில் வீரராசேந்திரன் கடாரத்தை வென்று, தன்னிடம் உதவி நாடி வந்த அந்நாட்டு மன்னனுக்கே அதனைத் திரும்பக் கொடுத்தான் என்று அவன் கல்வெட்டே கூறுகிறது. 1090இல் கடாரத்து அரசனின் தூதர் முதற் குலோத்துங்கனிடம் வந்து, அதே நாகை விகாரத்துக்கு வரிவிலக்குப் பெற்றுச் சென்றனர் என்பதைச் சிறிய லெய்டன் செப்பேடு காட்டுகிறது. கொடையும் போரும் மீண்டும் கொடையுமாகத் தொடர்ந்த இந்த நெடிய உறவை ‘ஆண்டான்’ என்னும் ஒரு சொல்லில் அடக்க இயலாது.

இன்னும் கசப்பான மருந்து ஒன்று உண்டு. 1106இல் பர்மாவின் பாகன் நாட்டுத் தூதர் சீன அரசவைக்கு வந்தபோது, சோழநாட்டுத் தூதர்க்குச் செய்த மரியாதையே இவர்களுக்கும் போதும் என்று கருதப்பட்டது. அவையின் சடங்குத்துறையினர் அதனை மறுத்தனர். சோழநாடு ஸ்ரீவிசயத்துக்கு அடங்கிய நாடு. ஆகையால் அதற்கு எழுதும் ஓலை தரம் குறைந்த தாளில் அமைந்தது. பாகன் தனியரசாகையால் அதற்கு உயர்ந்த மரியாதை வேண்டும் என்பது அவர்கள் வாதம்! மெய்க்கீர்த்தியைப் படித்துவிட்டு இக்குறிப்பைப் படிக்கும் தமிழர்க்குச் சினம் வருவது இயல்பு. சினம் தணிந்தபின் ஒரு வினா வரும்: சீனருக்கு இச்செய்தியைச் சொன்னவர் யார்? ஸ்ரீவிசயத் தூதர்கள் தம் நாட்டின் பெருமையைச் சற்றுக் கூட்டியே உரைத்திருக்கலாம். அவ்வாறாயின் சோழனின் புலவன் மட்டும் கூட்டியுரைக்கவில்லை என்பதற்கு என்ன உறுதி? எந்தச் சான்றும் எவரோ ஒருவர் எவரோ ஒருவருக்காகச் சொன்னது என்னும் தெளிவு இந்த இடத்தில் பிறக்கிறது. வரலாறு இனிக்கத் தொடங்குவதும் இங்கேதான்.

செப்பேட்டை நேரில் காண எல்லா மாணவர்க்கும் வாய்க்காது. ஆனால் கெடாவின் மெர்போக் அருங்காட்சியகம் மலேசிய மாணவர்க்கு எட்டாத தொலைவில் இல்லை. செராய் மலையின் அடிவாரத்தில் பரந்த பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்கோயில்களின் அடித்தளங்கள் உள்ளன. அவற்றைச் ‘சண்டி’ என்பர். 19ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் லோ என்னும் படை அதிகாரி இப்பகுதியின் சிதைவுகளைக் கவனித்து எழுதினார். குவாரிட்ச் வேல்ஸ் தம் மனைவியோடு 1936, 1937 ஆகிய ஆண்டுகளில் இங்கு அகழாய்வு செய்தார். புக்கிட் பத்து பகாட் என்னும் சண்டி 1960இல் மீட்டெடுத்துக் கட்டப்பட்டது. அருங்காட்சியகம் 1980இல் திறக்கப்பட்டது. 2009 முதல் சுங்கை பத்துவில் நடந்த அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் வெளிப்பட்டன. அவற்றின் மிகப் பழைய காலக் கணிப்புகள் குறித்து ஆய்வாளரிடையே ஒத்த கருத்து இல்லை.

இராசேந்திரனைத் தேடி அங்குச் செல்லும் மாணவர் ஏமாறுவர். அவன் கல்வெட்டு அங்கில்லை. மாறாக, அதே கெடாக் கரையின் தெற்கே, செபராங் பிறையில், ஜேம்ஸ் லோ 1834இல் கண்டெடுத்த ஒரு கல் வேறொருவனை அறிமுகப்படுத்துகிறது. அவன் பெயர் புத்தகுப்தன். மாநாவிகன், அதாவது பெருங்கடலோடி. இராசேந்திரனுக்கு ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளுக்கு முற்பட்டவன். பயணம் நலமே முடியவேண்டும் என்னும் வேண்டுதல் அக்கல்லில் உள்ளது. மொழி வடமொழி, எழுத்துத் தென்னாட்டு எழுத்தை ஒத்தது. அவன் ஊர் வங்காளத்தில் இருந்தது எனப் பலர் கருதுவர். அவன் தமிழன் அல்லன் என்பதற்காக அவனைக் கடந்து செல்வோர் இழப்பது பெரிது. பெருங்கடலின் முன் நின்று அஞ்சிய ஒரு மனிதனின் குரல், வெற்றி முழக்கம் எதுவுமின்றி, ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளைக் கடந்து அக்கல்லில் கேட்கிறது.

கல்லும் என்றும் நிலைப்பதன்று. சுங்கை பத்துப் பகுதியில் 11ஆம் எண் இடப்பட்டிருந்த சண்டி, 2013இல் நில மேம்பாட்டுப் பணியின்போது இடித்துத் தள்ளப்பட்டது. செய்தி வெளியானதும் நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அதற்கு முன் அப்படியொரு சண்டி இருந்ததையே பலர் அறிந்திருக்கவில்லை என்பதே உண்மை. நாகப்பட்டினத்திலும் இதுவே நடந்தது. கடாரத்து அரசன் எடுத்த விகாரத்தின் எச்சமாகக் கருதப்பட்ட பழைய கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. கடலின் இருகரையிலும் ஒரே உறவின் சின்னங்கள், ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு இடைவெளியில், ஒரே முறையில் மறைந்தன.

அரசரை விட்டு வணிகரைத் தேடினால் தமிழே கிடைக்கிறது. தாய்லாந்தின் தக்குவாபா பகுதியில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. அவனிநாரணம் என்னும் பெயரில் ஒரு குளம் வெட்டப்பட்டு, மணிக்கிராமத்தார் முதலானோரின் காவலில் விடப்பட்டதை அது கூறுகிறது. குளம் வெட்டியவன் பெயர் சிதைந்துவிட்டது. குளத்தின் பெயர் நிலைத்துவிட்டது. சுமத்திராவின் பாருஸ் பகுதியில் 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டில், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர், கப்பல் தலைவர் முதலானோர் செலுத்தவேண்டிய கட்டணத்தை வரையறுத்துள்ளனர். குளம், கட்டணம், காவல்: இவை பரணி பாடத்தக்க பொருள்கள் அல்ல. ஆனால் வந்த இடத்தில் நீர் தேடியும் கணக்கு எழுதியும் வாழ்ந்த மக்களின் அடையாளம் இவற்றிலேதான் உள்ளது.

மெய்க்கீர்த்தி பதின்மூன்று ஊர்களின் பெயரைச் சொல்கிறது. சிறைப்பட்ட மன்னனின் பெயரையும், கவர்ந்த தோரண வாயிலையும் சொல்கிறது. பாய்மரம் ஏற்றிய ஒருவனின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. யார் பெயர் கல்லில் ஏறுகிறது, யார் பெயர் ஏறுவதில்லை என்னும் வினாவை ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கடாரத்தில் கேட்கப் பழகிய மாணவர், அதே வினாவைத் தம் பாட்டன் காலத்திலும் கேட்பர். அப்போது பாடநூலின் வேறொரு வரியின்மேல் அவர் விரல் வந்து நிற்கும்: சப்பானியர் ஆட்சியில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஓர் இரயில் பாதை அமைக்கப்பட்டது என்னும் வரி.

415 கிலோமீட்டர் நீளமுடைய அப்பாதை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அதில் வேலை வாங்கப்பட்டனர். 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளரின் தொகை அதனினும் பன்மடங்கு பெரிது. மாண்டோர் ஏறத்தாழ 90,000 என்பது பரவலாகக் கூறப்படும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவருள் பெரும்பாலோர் இரப்பர்த் தோட்டங்களின் தமிழர். கஞ்சனபுரியின் போர்க்கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கைதிகள் வரிசை வரிசையாக உறங்குகின்றனர். பெயர் தெரிந்த ஒவ்வொருவர்க்கும் பெயர் பொறித்த கல் உண்டு. தோட்டத்துத் தமிழனுக்கு மதிப்பீடு உண்டு; பெயர் இல்லை. ‘ஏறத்தாழ’ என்னும் சொல்லுக்குள் அவன் புதைக்கப்பட்டிருக்கிறான்.

ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993இல் வெளிவந்தது. பின்னர் அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ அதே துயரத்தை எடுத்துரைத்தது. இவற்றைக் கடாரம் பற்றிய புதினங்களோடு ஒப்பிடுகையில் ஓர் அடிப்படை வேறுபாடு புலப்படும். கடாரத்துக்கு ஆவணம் முன்னே வந்தது. கதை பின்னே வந்தது. கதையில் ஐயம் எழுந்தால் கல்வெட்டைப் புரட்டிப் பார்க்கலாம். மரண இரயிலைப் பற்றித் தொழிலாளர் தாமே எழுதிவைத்த ஆவணங்கள் மிக அரிது. நாட்குறிப்பு எழுதக் கைதிகளுள் சிலர்க்கேனும் வழி இருந்தது. தோட்டத்திலிருந்து சென்றவர்க்குத் தாளும் இல்லை, பலர்க்கு எழுத்தும் இல்லை. ஆகவே இப்புதினங்கள் கதையாக மட்டும் நிற்கவில்லை. இல்லாத ஆவணத்தின் இடத்தையும் நிரப்புகின்றன.

இது அவற்றின் சிறப்பு. அவற்றைக் கவனத்தோடு படிக்கவேண்டியதன் காரணமும் இதுவே. மேடைத் திறனாய்வில் இந்நூல்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் பாராட்டும் இரக்கமுமே. எப்பகுதி உயிர்பிழைத்து வந்தோர் வாய்மொழி, எப்பகுதி புனைவின் தேவைக்காகச் சேர்ந்தது என்று பிரித்துக் காணும் முயற்சி போதிய அளவு நிகழவில்லை. நந்தினியைக் கல்லில் தேடிய கண்ணோடு இப்புதினங்களையும் படித்தல் அவற்றை அவமதிப்பதாகாது. துயரக் கதையிடம் வினாவே எழுப்பலாகாது என்னும் தவறான மரியாதை, நாளடைவில் அக்கதையையே நம்பத்தகாததாக்கிவிடும்.

எந்தப் புதினத்தையும் விட அண்மையில் இருந்த சான்று ஒன்று இருந்தது. அது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது. சயாமிலிருந்து திரும்பியவரும், திரும்பாதவரின் மனைவிமாரும் இந்நாட்டில் பல்லாண்டு வாழ்ந்தனர். அவர்களுடைய பேரக்குழந்தைகள் வகுப்பில் அந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துவிட்டு, மாலையில் வீடு திரும்பி அவர்களைக் கடந்துதான் உள்ளே சென்றனர். கேட்டிருந்தால் சிலர் சொல்லியிருப்பர். சிலர் சொல்ல மறுத்து அழுதிருப்பர். அந்த அழுகையும் ஒரு சான்றாகியிருக்கும்.

அத்தலைமுறையினருள் எஞ்சியோர் இன்று மிகச் சிலர். ஆயினும் அவர்களிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கே இப்போது முதுமை. தோட்டம் நகரமான பின்பும், பெட்டியின் அடியில் பழைய அடையாள அட்டையும், பிறப்புச் சான்றிதழும், பின்புறம் பென்சிலால் பெயர் எழுதிய நிழற்படமும் சில வீடுகளில் கிடக்கின்றன. கல்வெட்டின் ஆட்சியாண்டைக் கொண்டு 1025ஐக் கணக்கிட்ட மாணவர்க்கு, ஒரு பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் இருந்தும் அடுத்த குழந்தையின் சான்றிதழ் ஏன் இல்லாமற் போயிற்று என்பதைக் கணக்கிடுவது அரிதன்று.